இடமும் வெளியும்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்.



திருமுறை ஓதத் தொடங்குங்காலும், ஓதி நிறைவு செய்யுங்காலும், 'திருச்சிற்றம்பலம்' என மொழிதல் சைவ மக்களின் தொன்மை வழக்கம். எத்தலத்துப் பதிகமாயினும் இச்சொல்லே முன்னும் பின்னும் நிற்கும். திருவாரூர்ப் பதிகமாக இருக்கலாம். கடலுக்கு அப்பால் உள்ள திருக்கேதீச்சரப் பதிகமாக இருக்கலாம். ஓதுவாருடைய நா முதற்கண் தில்லைக்குச் சென்று வணங்கிய பின்னரே அவ்வத்தலத்தை நோக்கிப் புறப்படுகின்றது. இச்சொல் ஓர் இடத்தின் பெயர். சிறிய அம்பலம், அதாவது பலரும் கூடும் பொதுவிடம் என்பது ஒரு பொருள். 'சித்' என்னும் அறிவும் 'அம்பரம்' என்னும் ஆகாயமும் கூடிய அறிவுவெளி என்பது மற்றொரு பொருள். முதற்பொருளிற் கூரையும் தூணும் படியும் உண்டு. இரண்டாம் பொருளில் எல்லையே இல்லை. எல்லையுடைய ஓரிடத்துக்கும் எல்லையில்லாத வெளிக்கும் ஒரே பெயர் வாய்த்தது எங்ஙனம்? இவ்வினாவே இன்றைய உரையின் பொருள்.

இஃது ஏட்டுப் புலவர்க்கு மட்டும் உரிய வினா என்று எண்ண வேண்டா. நாடுகாணி போன்ற மலையூர்களிற் கோயில் எழுப்புவோர் இதனை நேரிற் சந்திக்கின்றனர். கல்லூரியிற் பயின்ற இளைஞர் ஒருவர் திருப்பணிக் குழுவினரை அணுகி, "இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று நீங்களே கூறுகின்றீர்கள், அங்ஙனமாயின் இந்தப் பத்துச் சென்டு நிலத்தில் மட்டும் அவனை எழுந்தருளச் செய்வது ஏன்? தேயிலைச் செடியின் அடியில் அவன் இல்லையா?" என்று கேட்பாராயின், முதியோர் பலர் சினங்கொள்வர். சினம் விடையாகாது. இவ்வினா நாத்திகரிடமிருந்து மட்டும் வருவதன்று. வாழ்நாள் முழுதும் உழவாரம் ஏந்தித் தலந்தலமாக நடந்த திருநாவுக்கரசரே, எங்கும் ஈசன் உளன் என்று உணராதார்க்குக் கங்கையும் காவிரியும் ஆடுவதால் வரும் பயன் யாதென்று கேட்டிருக்கின்றார். தாயுமானவரோ பூசைக்கு மலர் பறிக்கச் சென்று, மலரினுள்ளும் இறைவனையே கண்டு, பறிக்க மனம் ஒவ்வாமல் நின்றார். ஆகவே ஐயம் பழையது, மதிக்கத் தக்கது. கோயிலுக்குப் பொருள் கொடுத்தோர் அதனை நேர் நின்று எதிர்கொள்ளக் கடமைப்பட்டவர்.

இளைஞரின் வினாவுக்குள் மறைந்து நிற்கும் கருத்து ஒன்றுண்டு. வெளி என்பது எங்கும் ஒரே தன்மையானது, ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் அளவு வேற்றுமையன்றி வேறு வேற்றுமை இல்லை என்பதே அது. ஐரோப்பாவில் இதனை உறுதியாக நிலைநாட்டியவர் நியூட்டன். 1687 ஆம் ஆண்டில் வெளிவந்த பெருநூலில், எப்பொருளோடும் தொடர்பின்றித் தன்னளவில் ஒரு தன்மையாய் அசைவற்று நிற்கும் தனிவெளி ஒன்றை அவர் கொண்டார். பொருள்கள் அதனுள் பெட்டிக்குள் இட்ட பண்டம் போல இருக்கின்றன. இக்கருத்தின் துணைகொண்டு மனிதன் பெற்ற பயன் அளவிடற்கரியது. பாரத நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெருந்திட்டம் 1802 ஆம் ஆண்டில் லாம்டன் என்பாரால் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கப்பெற்றது. 1821 ஆம் ஆண்டளவில் வார்டு என்னும் படைத்தலைவர் நீலகிரியை அளந்து விவரம் எழுதினார். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம், முக்கூர்த்தி 2,554 மீட்டர் உயரம் என்றெல்லாம் இன்று கூறுவது இவ்வளவைக் கலையின் கொடை. கோயில் எழுப்பும் சிற்பியாரும் முழக்கோலும் நூலும் இன்றி ஒரு கல்லும் வைப்பதில்லை. அளவை இகழ்பவன் கோயிலையும் இகழ்ந்தவனாவான்.

எனினும் அளவொன்றே இடத்தின் முழு உண்மை என்று கொண்டால் நேர்வது யாது? அதற்கு இம்மலையே சான்று. 1880 ஆம் ஆண்டை ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் பொன் விளைகின்றது என்னும் பேச்சு எழுந்தது. இலண்டன் மாநகரில் கும்பினிகள் பல தோன்றின. இம்மலையைக் கனவிலும் கண்டிராதவர்கள் வரைபடத்தின் கட்டங்களைப் பார்த்துப் பங்கு வாங்கினர். சில ஆண்டுகளுக்குள் பொன்னும் இல்லை, கும்பினியும் இல்லை. கட்டத்துக்குள் அடங்கிய அந்நிலத்தில் பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் வாழ்ந்தனர். ஒவ்வோர் ஓடைக்கும் பாறைக்கும் அவர் மொழியிற் பெயர் இருந்தது. தெய்வம் உறையும் மரம் இருந்தது. பங்குப் பத்திரத்தில் அவற்றுக்கு இடமில்லை.

இங்கே மேனாட்டு மெய்யறிவிற் சென்ற நூற்றாண்டில் தோன்றிய ஒரு நெறியைச் சிறிது விரித்துரைத்தல் தகும். 'பினாமினாலஜி' என்று அவர் வழங்கும் அதனைத் தோற்றவியல் எனலாம். பொருள்கள் அறிவுக்கு எவ்வாறு தோன்றுகின்றனவோ அவ்வாறே, முன்கூட்டிய கொள்கை எதனையும் புகுத்தாமல், பொறுமையோடு நோக்கி உரைப்பது அதன் முறை. தோற்றம் என்றவுடன் பொய்த்தோற்றம் என்று மயங்குதல் கூடாது. கதிரவன் தோன்றினான் என்னும்போது எப்பொருளோ அப்பொருளே இங்கும் கொள்க. இந்நெறியை நிறுவியவர் எட்மண்டு ஹுசர்ல் (1859–1938). அறிவு என்பது எப்போதும் ஏதேனும் ஒன்றைப் பற்றிய அறிவாகவே நிகழும், வெற்றறிவு என ஒன்று தனித்து நிற்பதில்லை என்பது அவர் நெறியின் அடிப்படை. சாத்திரம் பயின்ற சைவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது, பளிங்கு தான் அடுத்த நிறத்தைத் தன்னிற் காட்டுவது போல்வது என்று ஆசிரியன்மார் உணர்த்தியிருக்கின்றனர். ஆயினும் இரண்டும் ஒன்றே என்று உடனே முழங்கிவிடல் ஆகாது. வேற்றுமை பின்னர் வரும்.

ஹுசர்ல் 1907 ஆம் ஆண்டில் பொருளும் வெளியும் என்பது பற்றித் தொடர் விரிவுரைகள் ஆற்றினார். ஒரு பொருளை மனிதன் ஒருபோதும் முழுமையாகக் காண்பதில்லை. ஒரு பக்கமே காண்கின்றான். சுற்றிவந்தால் மறுபக்கம் தெரியும் என்னும் எதிர்பார்ப்போடு காண்கின்றான். அவ்வெதிர்பார்ப்பு அவனுடைய கால்களில் இருக்கின்றது, கழுத்தின் திருப்பத்தில் இருக்கின்றது. உடம்பு அசையாதாயின் வெளி என்பதும் தோன்றாது. 1934 ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பொன்று இன்னும் துணிவானது: பூமி சுழல்கின்றது என்னும் வானநூல் உண்மையை மறுக்காமலே, வாழும் மனிதனுக்குப் பூமி அசையாத நிலை, மற்றெல்லா அசைவும் அதனைக் கொண்டே அறியப்படும் என்று அதில் அவர் கூறினார்.

அவர் மாணவராகிய மார்ட்டின் ஹைடெக்கர் 1927 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஓர் எளிய எடுத்துக்காட்டு உண்டு. ஒருவன் மூக்குக்கண்ணாடி அணிந்து சுவரிலுள்ள படத்தைப் பார்க்கின்றான். முழக்கோல் கொண்டு அளந்தால் கண்ணாடியே அண்மையில் உள்ளது. ஆனால் அவனுக்கு அண்மையானது படமே. கண்ணாடி தன் மூக்கின்மேல் உள்ளதென்ற நினைவும் அவனுக்கில்லை. கருவறையின் முன் நிற்கும் அடியார் ஒருவரை எண்ணிப் பார்க்க. தம் தோளை இடித்து நிற்பவர் யாரென்று அவர் அறியார். தீபாராதனையின் ஒளியிற் காணும் திருமேனியோ அவர்க்குக் கண்ணினும் அணியது.

பிரெஞ்சு நாட்டு மெர்லோ பொந்தி 1945 ஆம் ஆண்டு நூலில் உடம்பைப் பற்றியே விரிவாக ஆய்ந்தார். உடம்பு வெளியினுள் கிடக்கும் ஒரு பண்டம் அன்று, அது வெளியிற் குடியிருக்கின்றது என்பது அவர் முடிபு. அமெரிக்க உளநூலார் ஸ்டிராட்டன் செய்த ஆய்வு ஒன்றை அவர் எடுத்தாளுகின்றார். தலைகீழாகக் காட்டும் வில்லையைக் கண்ணில் அணிந்து ஸ்டிராட்டன் 1897 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் எட்டு நாள் கழித்தார். முதலில் உலகம் கவிழ்ந்து கிடந்தது. கை ஒருபுறம் போக, பொருள் மறுபுறம் இருந்தது. நாட்செல்லச் செல்ல, அவர் நடந்தும் தொட்டும் வேலை செய்தும் பழகப் பழக, உலகம் நிமிரலாயிற்று. மேல் கீழ் என்பன கண்ணுக்குள் எழுதி வைத்தவை அல்ல என்பதும், செயல்படும் உடம்பு நிலத்தோடு கொள்ளும் உடன்பாடே அவை என்பதும் இதனாற் பெறப்படும்.

இவர்களுக்கு முன்னரே காண்ட்டு என்னும் செருமானியப் பேரறிஞர் 1768 ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் இரு கைகளைக் காட்டி ஒரு புதிர் எழுப்பினார். வலக்கையும் இடக்கையும் அளவாலும் உறுப்பமைதியாலும் ஒத்தன. ஆயினும் வலக்கை உறையில் இடக்கை புகாது. வேற்றுமை எங்குள்ளது? உறுப்புகளின் அளவில் இல்லை. வலம் இடம் என்னும் திசை வேற்றுமை மனிதன் தன் உடம்பைக் கொண்டே அறியத் தக்கது என்றார் அவர். கோயிலை வலம் வருவோர் இதனைக் கால்களால் அறிந்தவர். திருச்சுற்றை எப்பக்கமாகச் சுற்றினும் அடிகளின் எண்ணிக்கை ஒன்றே. இறைவன் வலப்பக்கத்து இருக்க நடப்பதும், இடப்பக்கத்து இருக்க நடப்பதும் ஒன்றாகுமோ? ஆகா. நடப்பவன் தன் உடம்பின் ஒரு பாதியை அவனுக்கு உரிமையாக்கி நடக்கின்றான்.

தொலைவு என்பதன் உண்மையைத் தமிழர்க்கு உணர்த்த ஹைடெக்கர் வரவேண்டும் என்பதில்லை. திருநாவுக்கரசர் முதுமையிற் கயிலை காண விரும்பி வடதிசை சென்றார். பாதம் தேய்ந்தது, கைகளால் தாவினார், கையும் தேய மார்பினால் உந்தினார், பின் புரண்டார். இறைவன் முனிவர் வடிவிற் போந்து அருள் செய்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னான். எழுந்த இடமோ காவிரிக் கரையிலுள்ள திருவையாறு. ஆண்டுக் கண்ட களிற்றிலும் பிடியிலும் ஏனை இணைகளிலும் சத்தியையும் சிவத்தையும் கண்டார். கயிலைக் காட்சி முழுதும் பெற்றார். அளவை நூலின்படி கயிலைக்கும் ஐயாற்றுக்கும் இடையே பல நூறு காதம். சேக்கிழார் பெருமான் அத்தொலைவை மறைக்கவில்லை. தேய்ந்த உடம்பைக் காட்டி அதனை நன்கு உணரச் செய்தார். அதன் பின்னரே அண்மையைக் காட்டினார். நடவாதவர்க்கு ஐயாறு கயிலை ஆவதில்லை என்பது அவ்வரலாற்றின் உள்ளுறை. காரைக்காலம்மையார் கயிலையைக் காலால் மிதித்தல் தகாதெனத் தலையால் நடந்ததும், அவர் தலையால் நடந்த திருவாலங்காட்டை மிதிக்க அஞ்சிச் சம்பந்தப் பிள்ளையார் புறத்தே தங்கியதும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கன. ஓரடியார் நடந்ததனால் அந்நிலம் வேறு நிலமாயிற்று. பின் வந்தவர் காலுக்கு அது தெரிந்தது.

நீலகிரியின் மேட்டு நிலத்துத் தோடர்க்கும் இவ்வுணர்வு உண்டு. முக்கூர்த்தி முடி அவர்க்கு வெறும் 2,554 மீட்டர் உயரமன்று. இறந்தோர் உயிரும் அவர்தம் எருமைகளின் உயிரும் மறுமை உலகுக்குச் செல்லும் வழி அங்குள்ளது என்பது அவர் கொள்கை. அவர் சமயம் வேறு, சடங்கு வேறு. இடம் என்பது வெறுங்கட்டம் அன்று என்னும் அறிவு அவர்க்கும் சைவர்க்கும் பொது. தொல்காப்பியனாரும் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றே வைத்தார். அவர் கூறும் குறிஞ்சி, அளவையால் அறியும் மலை மட்டுமன்று. ஓர் ஒழுக்கம் நிகழத் தகுதியான இடம்.

இனி ஆகாயம் பற்றிச் சாத்திரம் கூறுவதைச் சிறிது நோக்குவோர்க்கு, முன்னோர் இதிற் கருத்தொருமை உடையவர் அல்லர் என்பது புலனாகும். உலகாயதர் பூதம் நான்கே என்று ஆகாயத்தை ஒப்பவில்லை. பௌத்தருள் ஒரு சாரார் தடையின்மையே ஆகாயம் என்றனர். சமணர் உலகாகாயம், உலகைக் கடந்த ஆகாயம் எனப் பகுத்தனர். வைசேடிகர் ஒன்பது திரவியங்களுள் ஆகாயத்தை ஒன்றாகவும், திக்கை வேறொன்றாகவும் வைத்தனர். இப்பகுப்பு நுட்பமானது. ஆகாயம் ஒலிக்குப் பற்றுக்கோடு. கிழக்கு மேற்கு, அண்மை சேய்மை என்னும் வழக்குக்குக் காரணம் திக்கு. தோற்றவியலார் இன்று ஆராய்வது பெரும்பாலும் திக்கு என்னும் இதனையே எனலாம். சைவ சித்தாந்தம் ஆகாயம் நித்தியம் என்பதை ஏற்கவில்லை. அது மாயையின் காரியம். ஓசைத் தன்மாத்திரையிலிருந்து தோன்றுவது. ஏனைப் பூதங்களுக்கு இடங்கொடுத்து நிற்பதே அதன் தொழில். ஒடுக்கத்தில் அதுவும் ஒடுங்கும். மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் பூதங்களின் வடிவு கூறுமிடத்து, மண்ணுக்கு நாற்கோணமும் ஆகாயத்துக்கு வட்டமும் கூறினார். ஆகவே இறைவன் ஆகாயத்துள் அடங்கியவனல்லன். ஆகாயம் அவன் ஆணையுள் அடங்கியது. எங்கும் நிறைந்தவன் என்பதற்குப் பெட்டி முழுதும் நிறைந்த காற்றைப் போல என்று பொருள் கொண்டால், அவனை ஐம்பூதங்களுள் ஒன்றாக இறக்கிவிட்டவர் ஆவோம். இளைஞரின் வினாவிலுள்ள பிழை இதுவே. அவரினும் மூத்தோர் பலரிடமும் இப்பிழை உண்டு.

ஓசை ஆகாயத்தின் குணம் என்றதும் வேறொரு மயக்கம் எழுகின்றது. உதகைக்கு அருகே முத்தொரை என்னுமிடத்தில் 1970 ஆம் ஆண்டில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் வானொலித் தொலைநோக்கி ஒன்றை அமைத்து முடித்தனர். கோவிந்த் சுவரூப் (1929–2020) என்னும் அறிஞர் வகுத்த அமைப்பு அது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. பூமியின் அச்சுக்கு இணையாகக் கருவி கிடத்தல் வேண்டும். அதற்கு அவ்வூரின் அட்சரேகை அளவாகிய ஏறக்குறைய 11 பாகை சாய்வு வேண்டும். அச்சாய்வை இயல்பாகவே உடைய மலைச்சரிவைத் தேடிக் கண்டு, அதன்மேல் கருவியைக் கிடத்தினர். ஒற்றை அச்சிற் சுழற்றியே விண்மீனைப் பல மணி நேரம் தொடரலாம். இதனைக் கண்ட அன்பர் சிலர், "ஆகாயத்தின் ஓசையை விஞ்ஞானி இன்று கேட்கின்றான், நம் முன்னோர் அன்றே சொன்னர்" என மகிழ்கின்றனர். அது முறையன்று. அக்கருவி ஏற்பது மின்காந்த அலை. செவிப்புலனாகும் ஓசை அன்று. மேனாட்டார் கண்டதெல்லாம் எம் ஏட்டில் உளது என்று சாதிப்பது ஏட்டுக்கும் பெருமையன்று, கண்டவர்க்கும் நீதியன்று. அத்தொலைநோக்கியிலிருந்து கற்கத் தக்கது வேறு. எல்லையற்ற வெளியை நோக்க விரும்பியவரும் ஏதோவொரு சரிவில், ஏதோவொரு மண்ணில், திசையறிந்து காலூன்ற வேண்டியவராயினர்.

இனித் தில்லைக்கு வருதல் தகும். கச்சியும் ஆனைக்காவும் அண்ணாமலையும் காளத்தியும் முறையே மண், நீர், தீ, வளி என்பவற்றுக்கு உரியன. ஆகாயத்துக்கு உரியது தில்லை. ஆங்கு இறைவன் ஆடும் உருவமாகக் கூத்தப்பெருமானும், அருவுருவாகப் படிக இலிங்கமும், அருவாக இரகசியமும் விளங்குகின்றன. இரகசியத்தின் திரையை விலக்கினால் காண்பது பொன் வில்வ மாலைகள் தொங்கும் வெற்றிடம். அயலூரிலிருந்து வந்த ஒருவர் இதைக் கண்டு, "ஒன்றுமில்லையே" எனக் கூறலாம். ஆனால் அவ்வொன்றுமின்மை எத்தகையது என்பதை ஆராய்தல் வேண்டும். கோபுரம் கடந்து, திருச்சுற்றுகள் கடந்து, படியேறி, ஒளி குறைந்து, இடம் சுருங்கி, மக்கள் நெருங்கி நிற்க, மணி ஒலிக்க, திரை விலகும் கணத்திற் காணும் வெறுமை அது. வீட்டின் வெற்றலமாரியில் உள்ள வெறுமையும் இதுவும் ஒன்றாமோ? மாலை இல்லையாயின் வெளி தோன்றாது. திரை இல்லையாயின் திறப்பு இல்லை. பரந்த வானத்தை அண்ணாந்து நோக்கும்போது உணராத வெளியைச் சிறிய அம்பலம் உணர்த்துகின்றது. சாந்தோக்கிய உபநிடதத்தின் தகர வித்தையும் இதயத்தினுள் உள்ள சிற்றிடத்து வெளியையே தேடச் சொல்லிற்று. பெயரிலுள்ள சிறுமை குறைபாடன்று என்பது இதனால் தெளிக.

கும்பம் இன்னும் ஆழமான செய்தியைத் தருகின்றது. ஹைடெக்கர் 1950 ஆம் ஆண்டில் 'பொருள்' என்னும் தலைப்பில் ஆற்றிய உரையில் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டார். குயவன் மண்ணை வனைகின்றான் என்கின்றோம். உண்மையில் அவன் வடிவுபடுத்துவது குடத்தின் உள்ளிருக்கும் வெறுமையை. கொள்வது அவ்வெறுமையே. ஆயினும் குடம் குடமாவது கொள்ளுதலோடு முடிவதில்லை. வார்த்துக் கொடுப்பதிலேதான் அது நிறைவுறுகின்றது. வார்க்கும் நீரில் மண்ணும் விண்ணும், மாந்தரும் தெய்வமும் ஒருங்கு கூடுகின்றன என்பது அவர் கருத்து. வேள்விச்சாலையிற் கும்பங்களைக் கண்ட சைவர்க்கு இவ்வுரை வியப்பளிக்கும். கும்பத்தைச் சுற்றிய நூல் நாடி. உள்ளே நிறைந்த நீர் குருதி. மேல் வைத்த தேங்காய் தலை. மாவிலை சடை என்று ஆகமம் வல்லார் கூறுவர். திருவுருவிலிருந்து கலைகளைக் கும்பத்துக்கு எழுந்தருளச் செய்து, வேள்வியாற் போற்றி, மீண்டும் திருவுருவின் மேலும் விமானத்தின் மேலும் வார்த்தலே குடமுழுக்கு. கும்பம் நிறைந்திருந்தது வார்ப்பதற்கே.

இவ்வளவும் ஒத்துச் செல்லுங்கால், வேற்றுமையை மறைத்தல் நேர்மையாகாது. தோற்றவியலார் மனிதனுக்கு இடம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதோடு அமைகின்றனர். அவருள் சிலர்க்குப் புனிதம் என்பது மனித வாழ்வு இடத்துக்கு ஏற்றிய பொருளாகவே முடியும். சித்தாந்தம் அங்கு நிற்பதில்லை. கண் காணும் தன்மையுடையதாயினும் ஒளி காட்டினாலன்றிக் காணாது. உயிரும் அவ்வாறே, அறிவிக்க அறிவது. கோயிலில் இறைவன் விளங்குதல் அன்பர் மனத்தின் படைப்பன்று. அவன் அருளாற் காட்ட அவர் காண்பது. சிவஞான போதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழச் சொல்கின்றது. எங்கும் நிறைந்தவன் அவ்விரண்டிடத்தும் தயிரில் நெய்போல விளங்கியும், பிறவிடத்துப் பாலில் நெய்போல விளங்காதும் நிற்பன் என்று விளக்கம் செய்தனர் ஆசிரியர். தேயிலைச் செடியின் அடியில் அவன் இல்லையா என்ற இளைஞர்க்கு விடை இதுவே. உளன், பாலில் நெய்யாக உளன். தயிராக்கும் தொழில் நடந்த இடம் ஆலயம்.

அத்தொழில் எத்தகையது என்பதைத் திருநின்றவூர்ப் பூசலார் வரலாறு காட்டும். கையிற் பொருளில்லாத அவ்வந்தணர் மனத்தினுள்ளே கோயில் எடுத்தார். வேண்டும் நிதியையும் கருவிகளையும் தச்சரையும் நினைவினால் திரட்டினார். நன்னாளில் அடிநிலை இட்டார். இரவும் துயிலாது விமானம் உயர்த்தினார். சிகரம் வைத்து, சுதை தீட்டி, கிணறும் குளமும் மதிலும் அமைத்தார். குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அந்நாளையே காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர் கோமானும் குறித்திருந்தான். அதனை இன்று காணும் கயிலாயநாதர் கோயில் என்பர் ஆராய்ச்சியாளர். இறைவன் அரசன் கனவில் தோன்றி, பூசல் கட்டிய கோயிலுக்கு நாளை புகுவோம், உன் செயலைப் பின்னொரு நாள் வைத்துக்கொள் என்றருளினான். அரசன் நின்றவூர் சென்று அக்கோயில் எங்கே என்று வினவ, ஊரார் அப்படி ஒன்று இங்கில்லை என்றனர். அளவை நோக்கில் அவர் கூறியது முற்றும் உண்மை.

இவ்வரலாற்றைக் காட்டி, ஆகவே கற்கோயில் வேண்டா, மனக்கோயிலே போதும் என்பாரும் உளர். அவர் பூசலாரைச் சரியாகப் படித்தவரல்லர். மனத்திற் கட்டியவர் ஒரு கணத்தில் கண்மூடிக் கண்திறந்து முடித்துவிடவில்லை. நாள் பார்த்தார், அடிநிலை முதல் சிகரம் வரை முறை தவறாது ஒவ்வொன்றாக எழுப்பினார், குளமும் மதிலும் கூட விடவில்லை. கல்லிற் கட்டுவோன் படும் உழைப்பு முழுவதையும் அவர் பட்டார். அரசனிடத்தும் இறைவன் கோயில் வேண்டா என்று கூறவில்லை. நாளை மாற்றச் சொன்னான், அவ்வளவே. அக்கற்றளி இன்றும் நிற்கின்றது. கூலிப்பணத்தில் ஒரு பங்கு கொடுத்தோரும், கல் சுமந்தோரும், சுமக்க இயலாது திண்ணையில் இருந்து நாள்தோறும் எத்தனை வரிசை உயர்ந்தது என்று கேட்டறிந்த முதியோரும் எழுப்பும் கோயிலில் பூசலார் கோயிலும் அரசன் கோயிலும் ஒருங்கே உள்ளன.

இம்மலையில் அப்படிக் கோயில் எழுப்புவோருட் பலருடைய வரலாறு துயர் மிக்கது. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டில் இரு நாட்டுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பெற்றனர். தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவருட் பலர், 1968 ஆம் ஆண்டு தொடங்கி அரசு நீலகிரியில் அமைத்த தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தனர். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அவர் குடியேறினர். தாய்நாடு திரும்பினர் என்று ஏட்டில் எழுதப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் அதற்கு முன் இந்நாட்டைக் கண்டதில்லை. பாட்டனார் கொழுந்து பறித்த மலையும், தாயார் தீச்சட்டி ஏந்திய தோட்டத்து மாரியம்மன் கோயிலும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. வரைபடத்தில் அவர்க்கு இடம் கொடுக்கப்பட்டது. லயத்தில் அறை கொடுக்கப்பட்டது. இடம் கிடைத்தும் இடமின்றி இருத்தல் என்னும் துன்பத்தை எத்தோற்றவியல் நூலினும் தெளிவாக அவர்கள் அறிவர்.

மலையின் விளிம்பில் நின்றால் மலைநாட்டுச் சமவெளி தெரிவதால் நாடுகாணி என்னும் பெயர் வந்தது என்பர். நாடு காண்பதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும். வந்தவர் முதலிற் செய்தது, ஒரு மரத்தடியிற் கல் நட்டு விளக்கேற்றியதே. ஹைடெக்கர் 1951 ஆம் ஆண்டில் கட்டுதலும் குடியிருத்தலும் பற்றி ஆற்றிய உரையில் ஆற்றுப்பாலத்தைக் காட்டி, பாலம் முன்பே இருந்த ஓரிடத்தில் வந்து நிற்பதில்லை, பாலத்தினாலேயே அங்கு ஓரிடம் பிறக்கின்றது என்றார். விளக்கேற்றியவர்கள் அவ்வுரையைக் கேட்டவரல்லர்.

தமிழகத்துச் சிற்றூர்களில் பிடிமண் எடுத்துவந்து கோயில் காணும் வழக்கம் ஒன்றுண்டு. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புத் தேடிச் செல்வோர் குலதெய்வத்தின் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து சென்று, புதிய ஊரில் அதனை இட்டுத் தெய்வத்தை நிலைநிறுத்துவர். மண்ணாய்வாளர் அம்மண்ணைச் சோதித்தால் சுண்ணமும் மணலும் களியும் இவ்வளவு என்று சரியாகவே கூறுவார். ஆகமத்தை உணராதார் இதனைப் பாமரர் வழக்கு என ஒதுக்குவர். குடமுழுக்கின் தொடக்கச் சடங்குகளுள் மிருத்சங்கிரகணம் என்பதும் ஒன்று. நல்ல இடத்தில் நிலமகளை வணங்கி, அனுமதி வேண்டி, மண் எடுத்து, அதனைத் தட்டில் ஏந்தி மேளத்தோடு கோயிலுக்குக் கொணர்வர். அம்மண்ணைப் பாலிகைகளில் நிரப்பி நவதானியம் விதைப்பர். திங்களை வேண்டிப் பாலும் நீரும் தெளித்து இருளில் மூடிவைப்பர். கும்பத்து நீர் விமானத்தின் மேல் வார்க்கப்படும் நாளில் அப்பாலிகைகளில் முளை எழுந்து நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.